மாஸ்டடான் போன்ற பரவலாக்கப்பட்ட தளங்கள் த்ரெட்ஸோடு இணைவது சரியா?

மாஸ்டடான் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத சமூக வலைத்தளம்; பலர் தனித்தனியே நடத்தும் சேவையகங்கள் ஒன்றோடொன்று இணைந்தது. த்ரெட்ஸ், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் தளம். இவை இணையலாம் என்பதே என் பதில். ஆனால் அந்த இணைப்பு நாளைக்கே அறுந்தாலும் நம் சேவையகம் தடுமாறாது என்ற நிலையில்தான் இணைய வேண்டும். நீங்கள் மாஸ்டடானுக்குப் புதியவர் என்றும், த்ரெட்ஸில் இருக்கும் நண்பர்களைத் தேடியபோது உங்கள் சேவையகம் அதைத் தடுத்திருப்பது தெரியவந்தது என்றும் எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

நான் ஒரு சிறிய மாஸ்டடான் சேவையகத்தில் ஊதியமின்றி மட்டுறுத்துநராக, அதாவது புகார்களைப் பார்த்து முடிவெடுப்பவராக, இருக்கிறேன். 2023 ஜூலையில் மெட்டா தொடங்கிய த்ரெட்ஸில் ஐந்தே நாளில் 10 கோடிப் பேர் சேர்ந்தார்கள். பின்னாளில் அது, வெவ்வேறு தளங்கள் தமக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ள உதவும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை வழியாக, எங்களோடு இணையும் என்ற செய்தியால் அதற்கு முன்பே, ஜூனில், பல நிர்வாகிகள் மெட்டாவைத் தடுப்போம் என்று பொது உறுதிமொழியில் கையெழுத்திட்டிருந்தார்கள். எங்கள் உறுப்பினர்களும் இரண்டுபட்டார்கள். பெரிய தளம் ஒன்றில் கூட்டமாக வந்து வசைபாடியவர்களைத் தாங்க முடியாமல் கணக்கை மூடிவிட்டு எங்களிடம் வந்த ஒரு பெண், "அவர்கள் மறுபடியும் என் பதிவுக்குக் கீழே வந்து நிற்க நீங்களே வழி திறப்பீர்களா?" என்று கேட்டார். இன்னொருவர், வெளிநாட்டில் இருக்கும் தம் தங்கை எழுதுவதைப் படிக்க மெட்டாவில் கணக்குத் தொடங்கும்படி தம்மைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றார். இரண்டும் நியாயமான பேச்சு.

நிர்வாகப் பக்கத்தில் ஒரு தளத்தின் முகவரியை இட்டால் இரண்டு வழிகள் உண்டு. இடைநீக்கம் செய்தால், அதாவது முழுத்தடை விதித்தால், அந்தத் தளத்தோடு நம் உறுப்பினர்களுக்கு இருந்த பின்தொடர்தல்கள் எல்லாம் இருபுறமும் அறுந்துவிடும். பிறகு தடையை நீக்கினாலும் அவை தாமாகத் திரும்பி வருவதில்லை. வரம்பிட்டால், அங்கிருந்து வரும் பதிவுகள் எல்லாருடைய பதிவுகளும் வரும் பொது ஓடையில் தோன்றாது, ஆனால் விரும்பிப் பின்தொடர்பவருக்குக் கிடைக்கும். அங்கிருந்து நம்மைப் பின்தொடர நினைப்பவர் ஒப்புதல் பெற வேண்டும். நாங்கள் வாக்கெடுத்து வரம்பிடுவதைத் தேர்ந்தோம், அந்த முடிவைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெண்மணி தம் கணக்கு அளவில் த்ரெட்ஸ் முழுவதையும் தடுத்துக்கொண்டார். பொதுப் பதிவை உலாவியில் எவரும் படிக்கலாம் என்பதை அத்தடை மாற்றாது என்பதையும் அவருக்கு முன்கூட்டியே விளக்கினோம்.

மெட்டாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எவரும் கருத வேண்டாம். மியான்மரில் வன்முறையைத் தூண்டத் தன் தளம் பயன்பட்டதைத் தடுக்கப் போதிய அளவு செயல்படவில்லை என்று ஃபேஸ்புக்கே 2018இல் ஒப்புக்கொண்டது. முழுத்தடை கேட்பவர்களின் கோபத்துக்கு அடிப்படை இருக்கிறது. ஆயினும் தடுத்தால் எங்களைக் குறுகிய மனத்தினர் என்றும், தடுக்காவிட்டால் விலைபோனவர்கள் என்றும் ஏசுகிறவர்கள், இரவு பதினொரு மணிக்கு வரும் புகாரை யார் படித்து முடிவெடுக்கிறார்கள் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. பெரிய தளத்தோடு இணைந்தால் அந்தப் புகார்களும் பெருகும், எங்களுக்கோ ஆள்பலம் இல்லை. முழுத்தடைக்கு ஆதரவாக நான் மதிக்கும் வாதம் இது ஒன்றுதான்.

பெருநிறுவனம் பாதியில் கைவிடும் என்ற அச்சத்துக்கும் முன்னுதாரணம் உண்டு. கூகுளின் அரட்டைச் சேவையான கூகுள் டாக் 2006இல், செய்திப் பரிமாற்றத்துக்கான எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறை வழியாகப் பிற சேவையகங்களோடு இணைந்தது. 2013இல் அதற்குப் பதிலாகக் கூகுளின் ஹேங்அவுட்ஸ் வந்தபோது அதில் அந்த இணைப்புக்கு இடம் தரப்படவில்லை. நெறிமுறை இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் தாம் பேச வேண்டியவர்கள் எல்லாம் கூகுளில் இருந்ததால் பலர் அங்கேயே போய்விட்டார்கள். த்ரெட்ஸிலும் கதவின் தாழ் மெட்டாவின் கையில்தான் இருக்கிறது. 2024 மார்ச்சில் அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளில் பிற தளங்களோடு பதிவுகளைப் பகிரும் வசதியைத் திறந்தபோது, அதைத் தாமே இயக்கிக்கொண்டவர்களின் பதிவுகள் மட்டுமே எங்களை வந்தடைந்தன.

எனவே த்ரெட்ஸில் உள்ளவர்களைப் பின்தொடருங்கள், ஆனால் உங்கள் கணக்கை இங்கேயே வைத்திருங்கள். உங்கள் சேவையகத்தின் அறிமுகப் பக்கத்தில் தடுத்த தளங்களின் பட்டியலும் அதற்கான காரணமும் வெளியிடப்பட்டிருந்தால் முதலில் அதைப் படியுங்கள்; பிறகு நிர்வாகியிடம் வரம்பிடுதலைப் பரிசீலிக்க முடியுமா என்று கேளுங்கள். அவர் மறுத்தால், பின்தொடர்பவர்களை உடன் அழைத்துக்கொண்டு வேறு சேவையகத்துக்கு மாறும் வசதி மாஸ்டடானில் உண்டு. பழைய பதிவுகள் மட்டும் கூடவே வராது.