பார்க்காததை எப்படி நம்புவது, ஃபாதர்?

கேள்வி: அப்பா 2017 நவம்பரில் ஒக்கிப் புயலில் போனவர். உடல் கிடைக்கவில்லை. 'உயிர்ப்பு நாளில் பார்ப்போம்' என்று அம்மா சொல்வார். இயேசு உயிர்த்ததையே நாம் யாரும் பார்க்கவில்லையே, ஃபாதர்? அம்மாவுக்காகத்தான் ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்புக்குப் போகிறேன். நம்பாமல் போவது நடிப்பு இல்லையா?
- பெயர் வேண்டாம், தூத்தூர்

பதில்: தம்பி, கோர்ட்டில் வைக்கிற மாதிரி ஆதாரம் என்னிடம் இல்லை. காலிக் கல்லறையைப் பார்த்த எல்லாருக்குமே உடனே நம்பிக்கை வந்துவிடவில்லை. யாரோ உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் மகதலா மரியா அழுதார். உடல் எங்கே என்று தெரியாத அந்த அழுகை உங்கள் அம்மாவுக்குத் தெரியும். கல்லறைத் திருநாளில் எங்கே மெழுகுதிரி வைப்பது என்று தெரியாமல், பெரிய சிலுவையின் அடியில் கொண்டுவந்து வைக்கும் அம்மாக்களை நானும் பார்த்திருக்கிறேன்.

இயேசு உயிர்த்துவிட்டார் என்று கல்லறைக்குப் போன பெண்கள் சொன்னதைத் திருத்தூதர்கள் பிதற்றல் என்று தள்ளினார்கள். நற்செய்தியாளர் லூக்கா அதை மறைக்காமல் எழுதுகிறார். கட்டிவிட்ட கதையில் தலைவர்களை இப்படிக் காட்டுவார்களா? இயேசு இறந்து ஏறக்குறைய 25 ஆண்டுகளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, 500 பேருக்கும் மேல் அவரைக் கண்டார்கள், பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். வேண்டுமானால் போய் விசாரியுங்கள் என்கிற தைரியம் அது.

எனக்குப் பிடித்தது யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரம். இரவு முழுக்க வலைபோட்டு ஒன்றும் கிடைக்காத சீடர்கள், உயிர்த்த இயேசு சொன்னபடி வலைபோட்டு விடியற்காலையில் 153 பெரிய மீன் பிடிக்கிறார்கள். கரையில் கரிநெருப்பில் மீனும் அப்பமும் இருக்கிறது. நான் கடற்கரையில் பிறந்தவன். ஆண்டவரே கரையில் நிற்கும்போதும் மீனை எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள், அதில் எனக்குக் கடல்காரர்களின் குரல்தான் கேட்கிறது.

ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் 1752-ல் சுட்டுக் கொல்லப்பட்ட புனித தேவசகாயமும் பார்த்து நம்பியவர் அல்ல. திருவிதாங்கூர் படைத் தளபதியாக இருந்த ஐரோப்பியர் டிலனாய் சொல்லக் கேட்டு நம்பியவர். சொன்னவரை நம்பினார், பிறகு சொன்ன செய்தியை நம்பினார். நமக்கும் நம்பிக்கை அப்படி ஒருவர் வாய்வழியாகத்தான் வந்தது. உங்களுக்கு அம்மா வழியாக வருகிறது. கடல் தன்னிடமுள்ள இறந்தோரை ஒப்படைக்கும் என்று விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டின் 20-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கல்லறை இல்லாததால் அப்பா கடவுளின் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகவில்லை. இதை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

நடிப்பா என்று கேட்டீர்கள். இல்லை. இயேசு உயிர்த்ததைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்ன சீடர் தோமா, எட்டு நாள் கழித்தும் மற்றவர்களோடு அதே வீட்டில்தான் இருந்தார். நம்பாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை. 'காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர்' என்று இயேசு சொன்னதும் அவருக்குக் காட்சி கொடுத்த பிறகுதான். அதனால் இந்த வருடமும் அம்மாவோடு போங்கள். அந்தத் திருவிழிப்பில் திருமுழுக்கு (ஞானஸ்நான) வாக்குறுதியைப் புதுப்பிக்கும்போது 'நம்புகிறேன்' என்று சொல்ல வாய் வராவிட்டால், வருகிற வரை சும்மா நில்லுங்கள். இதே கேள்வியை உங்கள் பங்குத்தந்தையிடமும் தயங்காமல் கேளுங்கள்.