பூதானின் கடற்கரை ஓவியம்: உருவங்கள் பொம்மைகளாக நிற்பது ஏன்?

19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் யூஜின் பூதான் பிரான்சின் த்ரூவில் என்ற ஊரில் வரைந்த கடற்கரைக் காட்சியைப் பார்த்து அக்ரிலிக் வண்ணத்தில் வரைந்தால் மனிதர்கள் பொம்மை மாதிரி நிற்கிறார்கள், வானம் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் வரைந்த படத்தைப் பார்த்தேன். கோளாறு உருவங்களில் இல்லை, வரைந்த வரிசையில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நீங்கள் ஆட்களை முதலில் முடித்துவிட்டு, மிச்ச இடத்தில் நீலத்தை நிரப்பியிருக்கிறீர்கள். பூதானுக்கு வானம்தான் முக்கியம். வானத்தை மட்டுமே பாஸ்டல் என்ற வண்ணக்குச்சியில் வரைந்து, ஓரத்தில் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்துவைப்பார். 1859இல் பிரெஞ்சுக் கவிஞர் போத்லேர் அவற்றைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். எனவே அடிவானத்தை நன்றாகக் கீழே இறக்குங்கள். வானத்துக்குச் சாம்பல் கலந்த வெள்ளையை ஈரம் காயும் முன்பே இழுத்துவிடுங்கள். அக்ரிலிக் சீக்கிரம் காயும், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கொஞ்சம் சேர்த்தால் நல்லது.

அப்புறம் கூட்டம். ஒவ்வொருவராக வரையாமல், கரும்பட்டையாக ஒரே வீச்சில் போடுங்கள். அதற்குள் கிரினோலின் என்ற, வளையம் வைத்து விரித்த பாவாடைகளின் வெளிர் முக்கோணங்கள், எங்காவது ஒரு சிவப்புச் சால்வை. முகத்துக்கு ஒரு பொட்டு போதும். கண், மூக்கு வேண்டவே வேண்டாம்!

நெருக்கமான உருவங்கள்தான் வேண்டும் என்றால், பிரெஞ்சு ஓவியர் மோனே 1870இல் அதே த்ரூவிலில் வரைந்ததைப் பாருங்கள். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து வரைந்ததால் சாயத்தில் மணல் துகள்கூட ஒட்டியிருக்கிறது.

அடுத்த முயற்சியைச் சின்னப் பலகையில், அகலவாக்கில் போட்டுப் பாருங்கள்.