காயம் சின்னது என்று விட்டுவிடாதீர்கள்

பக்கத்து வீட்டு அல்சேஷன் கடித்து மூன்று நாளாகியும் உங்கள் ஜிம்மி படலையைத் தாண்ட மறுக்கிறது, காயம் சின்னதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சின்னக் காயம்தான் எனக்குப் பயம். நாய் கடித்து உலுப்பினால் வெளியே பல் பட்ட ஓட்டை மட்டும் தெரியும். உள்ளே தசை கிழிந்து சீழ் கட்டியிருக்கலாம். மயிரை விலக்கித் தொட்டுப் பாருங்கள். சூடு, வீக்கம், கெட்ட மணம் இருந்தால் இன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள், மஞ்சள் பூசிக்கொண்டு இருக்க வேண்டாம். எதுவும் இல்லாவிட்டாலும் விசர்த் தடுப்பூசிக்காக ஒருக்கால் போகத்தான் வேண்டும். பழைய ஊசி அட்டையையும் கொண்டு போங்கள்.

விலக்குப் பிடித்தபோது உங்கள் கையில் பட்ட கீறலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியது சரி, ஆனால் அது போதாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர் வந்த பிறகு மருந்தில்லை.

அயலவரோடு சண்டை பிறகு. இப்போது அவர்களிடம் கேட்க வேண்டியது அந்த நாயின் ஊசி அட்டை. அப்புறம் அதை 14 நாள் கட்டி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம்.

ஜிம்மியை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். சங்கிலியைத் தளர்வாகப் பிடித்துப் படலையடியில் பிஸ்கட் போடுங்கள். திரும்பி ஓடினால் ஓடட்டும். நீங்கள் பதறிச் சங்கிலியை இறுக்கினால் அதுக்கும் விளங்கும். வெளியே வரத் தொடங்கினாலும் கொஞ்ச நாளைக்கு மற்றப் பக்க ஒழுங்கையால் போங்கள்.