ஏ மைனரை மேலே எங்கே பிடிப்பது?

உகுலேலேயில் 2000 என்று பிடித்தால் ஏ மைனர் வருகிறது, அதே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டு) கழுத்தின் மேல்பகுதியில் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஜி-சி-ஈ-ஏ சுருதிக்குச் சொல்கிறேன். நான்கு எண்களும் அதே வரிசையில் ஒவ்வொரு தந்தியையும் எந்த ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள கம்பிகளால் பிரிந்த கட்டம்) அழுத்த வேண்டும் என்பதைக் காட்டுகின்றன; 0 என்றால் திறந்த தந்தி.

ஜி மைனரும் (0231) டி மைனரும் (2210) தெரியும் அல்லவா? அந்த வடிவங்களையே தள்ளிக்கொண்டு போகலாம். திறந்திருக்கும் தந்தியையும் விரலால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஜி மைனரை 2 ஃபிரெட் தள்ளினால் 2453. டி மைனரை 7 ஃபிரெட் தள்ளினால் 9987. இரண்டுமே ஏ மைனர்தான்.

9987-ஐ முதலில் பழகுங்கள். ஆள்காட்டி விரல் ஏ தந்தியில், நடுவிரல் ஈ தந்தியில், மோதிர விரல் ஜி-யில், சுண்டு விரல் சி-யில். அங்கே ஃபிரெட்டுகள் நெருக்கமாக இருப்பதால் விரல்கள் கொஞ்சம் இடிக்கும். அதனால் ஒவ்வொரு தந்தியாக மீட்டி, எது மங்குகிறது என்று கேளுங்கள். 2453-க்குக் கை நன்றாக விரிய வேண்டும், அதற்கு அவசரப்படாதீர்கள்.

அப்புறம், மூல ஸ்வரம் (கார்டின் பெயரில் உள்ள ஸ்வரம், இங்கே ஏ) எங்கே என்று கவனியுங்கள்: 2453-இல் ஜி தந்தியில், 9987-இல் சி தந்தியில். இது பிடிபட்டால் எந்த மைனரையும் நீங்களே கண்டுபிடிக்கலாம். 2453-ஐ இன்னும் 3 ஃபிரெட் தள்ளிப் பாருங்கள், 5786, சி மைனர்.