ஸ்கேனில் தெரியாத நோய்

கேள்வி: என் கணவருக்கு வயது 54. ஆற்றில் தண்ணீர் வந்தால் முதல் ஆளாக மண்வெட்டியோடு மடைக்குப் போகிறவர். சம்பா அறுவடை முடிந்த பிறகு, இரண்டு மாதமாகத் திண்ணையை விட்டு நகரவில்லை. விளைச்சலில் குறையில்லை, கடனும் இல்லை. வெற்றிலைச் செல்லத்தைக்கூடத் தொடுவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார். உடம்பெல்லாம் வலி என்கிறார், இளைத்துவிட்டார். தஞ்சாவூரில் எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை. “நான் இருந்து என்ன பிரயோஜனம்” என்று முனகுகிறார். மாமியார் செய்வினை என்கிறார், கொழுந்தனார் சோம்பல் என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, மன்னார்குடி வட்டம்

பதில்: அந்த முனகலுக்குத்தான் முதல் பதில். இன்று பொழுது சாய்வதற்குள், வீட்டிலும் மோட்டார் கொட்டகையிலும் இருக்கும் பூச்சிமருந்து, எலி மருந்து எல்லாவற்றையும் வேறு வீட்டில் பூட்டி வைத்துவிடுங்கள். அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும் டப்பாவையும் விட்டுவைக்காதீர்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, “செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மனச்சோர்வு நோய் என்றே தோன்றுகிறது. நேரில் பார்க்கும் மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும். பிடித்ததில் நாட்டமின்மை, தூக்கம், பசி கெடுவது, அசதி, தன்னைத் தானே மட்டமாக நினைப்பது இவையெல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் அன்றாடம் நீடித்தால் அது வெறும் வருத்தமில்லை. நம் ஊர் ஆண்கள் “மனசு சரியில்லை” என்று வாய் திறந்து சொல்வது அபூர்வம். முதுகு வலி, நெஞ்சு பாரம் என்றுதான் வருவார்கள். காரணமே இல்லாமலும் இந்த நோய் வரும். சோம்பேறிக்கு விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வராது என்று கொழுந்தனாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. தைராய்டும் ரத்தசோகையும் இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால், எடுத்த பரிசோதனைகளை எல்லாம் கொண்டுபோய்க் காட்டுங்கள். செர்ட்ராலின், எஸ்சிடாலோபிராம் போன்ற மாத்திரைகளை எழுதித்தரக்கூடும். இவை தூக்க மாத்திரைகள் அல்ல. இவற்றுக்கு யாரும் அடிமையாவதில்லை. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல் வரலாம். அதில் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும்; நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான். மாத்திரையோடு ஆலோசனைச் சிகிச்சையும் கிடைத்தால் இன்னும் நல்லது.

மனநோய் தீரும் என்று பலரும் நம்பிப் போகும் குணசீலம் கோயிலுக்கு மாமியார் போகச் சொன்னால் தாராளமாகப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வாருங்கள், மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு. கணவரை “எழுந்து வயலுக்குப் போங்கள்” என்று விரட்ட வேண்டாம். சாயங்காலம் வாய்க்கால் வரை கூட நடந்து போங்கள், போதும்.

நள்ளிரவில் பயமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். மருத்துவமனைக்குப் போகும்போது கொழுந்தனாரையே வண்டி ஓட்டச் சொல்லுங்கள். மருத்துவர் சொல்வதை அவரும் காதால் கேட்கட்டும்.