குடிநீரில் நிரந்தர ரசாயனமா? யார் சொல்வதை நம்புவது?

கேள்வி: பாலக்கோடு வட்டத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். ஆழ்துளைக் கிணற்று நீரும் ஒகேனக்கல் குடிநீரும் மாறி மாறி வருகின்றன. போன வாரம் வடிகட்டி விற்க வந்த ஒருவர், கம்பிகள் பொருத்திய கருவியை எங்கள் வீட்டுத் தண்ணீரில் இறக்கினார். இரண்டே நிமிடத்தில் டம்ளர் முழுவதும் செம்பழுப்பாகிவிட்டது. அவர் கொண்டுவந்த வடிகட்டிய நீரில் இறக்கியபோது அது தெளிவாகவே நின்றது. “இதுதான் நிரந்தர ரசாயனம். இதில் ஃப்ளோரின் இருக்கிறது, உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பல் கறைக்கும் இதுதான் காரணம்” என்றார். கைப்பேசியில் தேடினால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: முதலில் அந்த டம்ளர். நீங்கள் பார்த்த பழுப்பு நிறம் தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வந்தது. அந்தக் கருவியில் இரும்புக் கம்பி இருக்கும். மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து துருவாகி மிதக்கும். அவர் கொண்டுவந்த வடிகட்டிய நீர் தெளிவாகவே நின்றதற்குக் காரணம், அதில் உப்புகள் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது. அடுத்த முறை யாராவது வந்தால் அந்த வடிகட்டிய நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி இறக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். வீடு வீடாக இப்படிப் பயமுறுத்தி விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் உங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட வேண்டிய விஷயம் இதனால் மறைந்துபோகிறது.

அவர் இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒன்றாக்கிவிட்டார். ஃப்ளோரைடு என்பது நம் மாவட்டங்களின் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் தாது. பிள்ளைகளின் பல் கறைக்கும் பெரியவர்களின் மூட்டு இறுக்கத்துக்கும் காரணமாகச் சொல்லப்படுவது இதுதான். ஒகேனக்கல் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ‘ஃப்ளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு’ என்ற சொல் இருக்கிறது. 2013-ல் அது பயன்பாட்டுக்கு வந்ததே தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களை இந்தப் பாறை நீரிலிருந்து மீட்கத்தான். நிரந்தர ரசாயனம் எனப்படும் பிஃபாஸ் வேறு. கரிமமும் ஃப்ளோரினும் மிக இறுக்கமாகப் பிணைந்த, மனிதன் தயாரித்த ஆயிரக்கணக்கான சேர்மங்களின் குடும்பம் அது. ஒட்டாத வாணலிப் பூச்சு, தண்ணீர் ஒட்டாத துணி, தீயணைப்பு நுரை, குரோமியம் முலாம் பூசும் பட்டறை போன்றவற்றில் பயன்பட்டுவருகிறது. அந்தப் பிணைப்பு எளிதில் உடையாததால்தான் ‘நிரந்தர’ என்ற பெயர். பல் கறைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இணையத்தில் படிப்பதைச் சோதிக்க நான் முதலில் பார்ப்பது அலகைத்தான். ஃப்ளோரைடுக்கு, குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 சொல்வது லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. பிஃபாஸ் நானோகிராமில் பேசப்படுகிறது. ஒரு மில்லிகிராமில் 10 லட்சம் நானோகிராம். எந்த அலகு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் நீட்டும் காணொளியை அந்த இடத்திலேயே மூடிவிடலாம். விற்பனையாளர்கள் காட்டும் டிடிஎஸ் மீட்டருக்கும் இதே பதில்தான். அது கரைந்திருக்கும் உப்பை அளக்கும், நானோகிராம் அதன் கண்ணுக்கே தெரியாது.

அடுத்து தேதியும், எதற்கான வரம்பு என்பதும். நீங்கள் கண்ட முரண்களில் பாதி இங்கேதான் இருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-ல், பிஃபாஸ் குடும்பத்தின் இரண்டு சேர்மங்களான பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டும் சேர்த்து லிட்டருக்கு 70 நானோகிராம் என்று அறிவுரை சொன்னது. 2024-ல் தனித்தனியாக 4 நானோகிராம் என்று சட்ட வரம்பாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 20 சேர்மங்களின் கூட்டுத்தொகைக்கு 100 நானோகிராம் என்கிறது. மூன்றும் உண்மை, ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாதவை. அதுபோலவே, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-ல் பிஎஃப்ஓஏவை முதல் பிரிவில் சேர்த்தது. ‘புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குச் சான்று உறுதியாக இருக்கிறது’ என்பதே இதன் பொருள். எவ்வளவு குடித்தால் எவ்வளவு ஆபத்து என்று அந்தப் பிரிவு சொல்வதில்லை. பிஎஃப்ஓஎஸ் ‘இருக்கலாம்’ என்ற பிரிவில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் ‘புற்றுநோய் விஷம்’ என்பவர் மூல அறிக்கையைப் படித்திருக்க மாட்டார்.

நல்ல சான்று எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவிலும் ஒஹையோவிலும் பிஎஃப்ஓஏவைப் பயன்படுத்திய ஒரு ரசாயன ஆலையைச் சுற்றி வாழ்ந்த ஏறத்தாழ 69,000 பேரின் ரத்தத்தையும் நோய் விவரத்தையும் சேகரித்து ஆராய்ந்தார்கள். அந்த ஆலை மீதான வழக்கில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மூன்று நோய்ப்பரவல் இயல் வல்லுநர்கள், சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு நோய், ரத்தத்தில் அதிகக் கொழுப்பு உள்ளிட்ட ஆறு நோய்களுடன் பிஎஃப்ஓஏவுக்குத் தொடர்பு இருக்க வாய்ப்புண்டு என்று 2012-க்குள் முடிவுக்கு வந்தார்கள். வேறு பல நோய்களுக்கு அப்படித் தொடர்பு காணவில்லை என்றும் வெளியிட்டார்கள். கண்டதையும் காணாததையும் சேர்த்துச் சொல்பவரை நான் நம்புவேன்.

நம் மாநிலச் செய்தி ஒன்றும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். சென்னையின் நீர்நிலைகளில் பிஃபாஸ் இருப்பதாக ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் கண்டது 2024-ல் வெளியானது. பொருட்படுத்த வேண்டிய ஆய்வுதான், ஆனால் அது சென்னை நீர். தென்பெண்ணை ஆற்றின் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் படத்தோடு ‘நிரந்தர ரசாயனம்’ என்று போட்டு அனுப்புகிறார்களே, அதையும் நம்ப வேண்டாம். கழிவுநீரில் வரும் சோப்புப் பொருள்களாலேயே அப்படி நுரை எழும். தென்பெண்ணையின் மாசு உண்மையான துயரம். ஆனால் நுரையைப் பார்த்து பிஃபாஸ் என்று சொல்லிவிட முடியாது.

ஐஎஸ் 10500-ல் பிஃபாஸுக்கு வரம்பு இல்லை, வழக்கமான நீர்ப் பரிசோதனையும் அதைத் தேடுவதில்லை. ஆகவே அறிக்கையில் அந்தப் பெயர் வராததால் ‘இல்லை’ என்று கொள்ளாதீர்கள். அளக்கவே வேண்டுமென்றால் நிறைநிறமாலைமானி (மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் கருவி) உள்ள தனியார் ஆய்வகம் தேவை, செலவும் அதிகம். ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகாரமான என்ஏபிஎல் என்று பலகையில் இருந்தால் போதாது. அந்த அங்கீகாரப் பட்டியலில் பிஃபாஸ் பெயர் இருக்கிறதா, எத்தனை நானோகிராம் வரை கண்டறிய முடியும் என்று கேளுங்கள். 50-க்குக் கீழே பார்க்க முடியாத கருவி ‘கண்டறியப்படவில்லை’ என்றால், அமெரிக்க வரம்பான 4-ஐப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு இந்த மாதமே செய்யக்கூடியது ஃப்ளோரைடு சோதனை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சிறு கட்டணத்தில் செய்வார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் பயிற்சி பெற்ற பெண்களிடம் உள்ள கிட்டிலும் பார்க்கலாம். கண்ணாடியில் அல்லாமல் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள். தொட்டி ஆபரேட்டரிடம் எந்த நாள் ஒகேனக்கல் நீர், எந்த நாள் போர் நீர் என்று கேட்டு இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள். பாட்டிலின் மேல் தேதியையும் போரின் ஆழத்தையும் எழுதுங்கள். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், நிரந்தரப் பற்கள் உள்ளே உருவாகும் வயது அது.

வடிகட்டி வாங்குவதைப் பற்றி: காய்ச்சினால் ஃப்ளோரைடு, பிஃபாஸ் இரண்டும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். புற ஊதா விளக்கும் உதவாது. கரி வடிகட்டி பிஃபாஸைக் குறைக்கும், ஃப்ளோரைடை விட்டுவிடும். ஆர்ஓ இரண்டையும் பெரிதும் நீக்கும், சவ்வை உரிய நேரத்தில் மாற்றினால். அது வெளியேற்றும் நீரில் இரண்டும் செறிந்திருக்கும், அதில் அரிசி களையவோ சமைக்கவோ வேண்டாம். ஃப்ளோரைடு அறிக்கை கையில் வரும் வரை அந்த விற்பனையாளருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். ஒகேனக்கல் நீரில் அளவு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்து, குடிக்கவும் சமைக்கவும் அது போதுமான அளவு வருமானால், ஃப்ளோரைடுக்காக உங்களுக்கு அந்த இயந்திரம் தேவையில்லை. அந்த நாள்களில் குடத்தில் பிடித்து மூடி வைத்தாலே போதும்.