எழுத்தின் ஓரம் ஏன் கசிகிறது?

மரப்பலகையில் வினைல் ஸ்டென்சில் (எழுத்து வடிவத்தைத் துளையாக வெட்டிய, பசையுள்ள பிளாஸ்டிக் தாள்) ஒட்டிப் பெயர்ப்பலகை எழுதுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: பலகைக்கு வெள்ளை அடித்து, வினைலை நன்றாக அழுத்தி ஒட்டி, கறுப்பு அக்ரிலிக் பெயிண்ட் பூசினேன். வினைலை எடுத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரமெல்லாம் பூனை மீசைபோல் கறுப்பு இழைகள் ஓடியிருக்கின்றன. மூன்று பலகைகள் வீணாகிவிட்டன. வினைலின் தரம்தான் காரணமா?

பதில்: வினைலைக் குறை சொல்வதற்கு முன்னால், பலகையின் ரேகைக்குக் குறுக்கே நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கித் தடுக்கிப் போனால், வினைல் மேடுகளில் மட்டும் ஒட்டிக்கொண்டு பள்ளங்களுக்கு மேலே பாலம்போல் நிற்கிறது என்று பொருள். நீர்த்த பெயிண்ட் அந்தப் பாலத்தின் அடியில் புகுந்து ஓடிவிடுகிறது. உங்கள் பலகையில் உள்ள இழைகள் பெரும்பாலும் மர ரேகையின் திசையிலேயே ஓடியிருந்தால், குற்றவாளி மேற்பரப்புதான்.

ஆகவே முதல் வேலை உப்புத்தாளுக்கு உரியது. 120 எண் தாளில் தொடங்கி 220 எண் தாள் வரை ரேகையின் போக்கிலேயே தேய்த்து, தூசியைத் துடைத்து, அடிவண்ணத்தை இரண்டு முறை பூசி, இடையில் ஒருமுறை இலேசாகத் தேய்த்துக்கொண்டால் பள்ளங்கள் பெருமளவு நிரம்பிவிடும். ஆயினும் மரம் கண்ணாடி ஆகிவிடாது. மீதமிருக்கும் நுண்ணிய இடுக்குகளை அடைப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. வினைலை ஒட்டியபின் நேரடியாகக் கறுப்பைப் பூசாமல், அடியில் அடித்த அதே வெள்ளையை ஸ்டென்சிலின் ஓரங்களில் மெல்லியதாக ஒற்றி உலரவிடுங்கள். கசிய வேண்டியது முதலில் வெள்ளையாகவே கசிந்து இடுக்குகளை அடைத்துக்கொள்ளும்; வெள்ளைப் பலகையில் வெள்ளை கசிந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. அதன்மேல் பூசும் கறுப்புக்கு உள்ளே புக வழி இருக்காது. அடிவண்ணம் அடிக்காமல் மரத்தின் நிறத்தையே விட்டுவைத்திருப்பவர்கள், வெள்ளைக்குப் பதிலாக நிறமற்ற, பளபளப்பில்லாத அக்ரிலிக் வார்னிஷை இதே முறையில் ஒற்றலாம். இந்த இடுகையில் ஒரேயொரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்பவர்கள் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பூசும் முறையும் முக்கியம். தூரிகையை இழுத்துப் பூசினால், பெயிண்ட்டை நாமே ஓரத்துக்கு அடியில் தள்ளிவிடுகிறோம். ஸ்பான்ஜில் பெயிண்ட்டைத் தொட்டு, அதை ஒரு தாளில் ஒற்றி, ஏறக்குறைய காய்ந்துவிட்டது என்று தோன்றும் நிலையில் செங்குத்தாகத் தட்டித் தட்டிப் பூசுங்கள். முதல் பூச்சு பார்க்கப் பரிதாபமாக, திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து அவசரப்பட்டு அள்ளிப் பூசுவதால்தான் பாதிப் பலகைகள் கெடுகின்றன. மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகளில் நிறம் தானாக நிறைந்துவிடும்.

கடைசிப் பூச்சு முழுவதும் காய்வதற்குள் வினைலை எடுத்துவிடுங்கள். மேலே தூக்காமல், பலகையோடு ஒட்டினாற்போல் பின்னோக்கி மடித்து மெதுவாக இழுக்க வேண்டும். ஒருமுறை நான் மறுநாள் காலை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன். இரவில் பெயிண்ட் வினைலையும் பலகையையும் சேர்த்து ஒரே தோலாக இறுகிப்போய், ‘ல்’ எழுத்தின் பாதி வினைலோடு வந்துவிட்டது. அப்படி உலர்ந்துவிட்டால், கூரிய கத்தியின் நுனியை எழுத்தோரமாக ஒருமுறை ஓட்டி அந்தத் தோலை அறுத்தபிறகே உரியுங்கள்.

கேள்வி: எனக்குக் கசிவு இல்லை, ஆனால் வினைலை உரிக்கும்போது அடிவண்ணமே பெயர்ந்து வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தொட்டால் கையில் ஒட்டாத நிலையும், பெயிண்ட் உள்ளுக்குள் இறுகிய நிலையும் வேறுவேறு. அக்ரிலிக் பெயிண்ட் ஒரு மணி நேரத்தில் உலர்ந்ததுபோல் காட்டிக்கொண்டாலும், முழு உறுதி பெறச் சில வாரங்கள் பிடிக்கும். அவ்வளவு காத்திருக்க யாராலும் முடியாது என்றாலும், அடிவண்ணம் பூசியபின், வினைலை ஒட்டுவதற்கு முன் குறைந்தது ஒரு முழு நாளாவது விடுவது நல்லது. வெறும் மரத்தில் பிரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சு) இல்லாமல் பெயிண்ட் அடித்திருந்தாலும் பிடிப்புக் குறைவாகவே இருக்கும். நிரந்தரப் பசை கொண்ட வினைலைத் தவிர்த்து, ஸ்டென்சிலுக்கென்றே விற்கப்படும் பசை குறைந்த வகையை வாங்குங்கள். கையில் இருப்பது வலுவான பசைதான் என்றால், ஒட்டுவதற்கு முன் ஒரு பருத்தித் துணியில் ஓரிரு முறை ஒட்டி எடுத்தால் பசையின் வேகம் தணியும்.

கேள்வி: ‘மேல்மாடி’ என்று தட்டச்சு செய்தால், வெட்டும் இயந்திரத்தின் மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கிறது. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடங்களிலும் கத்தி குறுக்கே வெட்டிவிடுகிறது. தமிழில் வெட்டவே முடியாதா?

பதில்: தாராளமாக வெட்டலாம். சில மென்பொருள்கள் தமிழ் உயிர்மெய்களைச் சரியாகக் கோத்துக் காட்டுவதில்லை. அதனால் தமிழைச் சரியாகக் காட்டும் இங்க்ஸ்கேப் போன்ற ஒரு வரைகலை மென்பொருளில் எழுத்தை அமைத்து, அதை வெறும் கோட்டுருவமாக மாற்றி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும் வடிவங்களை ஒன்றிணைத்து, எஸ்விஜி (SVG) என்ற கோட்டுருவக் கோப்பாகச் சேமித்து, பிறகு வெட்டும் இயந்திரத்துக்குக் கொண்டுபோங்கள். அதன்பின் அது எழுத்தல்ல, படம்; கொம்பு எங்கும் ஓடிப்போகாது.

தமிழுக்கு உரிய வேறொரு சிக்கலும் இருக்கிறது. இரண்டு சுழி ‘ன’, மூன்று சுழி ‘ண’, ‘க’ போன்ற எழுத்துகளில் மூடிய சுழிக்குள் இருக்கும் சிறு துண்டு மற்ற வினைலோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் தனித்தீவாக நிற்கும். பழைய அட்டை ஸ்டென்சிலில் அது உதிர்ந்துவிடும் என்பதால் நடுவே பாலம் விட்டு எழுத்தையே உடைக்க வேண்டியிருந்தது. வினைலில் அந்தக் கவலை இல்லை. எழுத்துப் பகுதியைப் பிய்த்தெடுத்தபின் மேலே ஒட்டும் டிரான்ஸ்ஃபர் டேப், தீவுகளையும் அவற்றின் இடத்திலேயே தூக்கிக்கொண்டு வரும். சுழிகள் மிகச் சிறியவையாக இருந்தால் மட்டும் அவை பலகையில் நிற்க மறுக்கும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது சுழி அகன்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியைப் பிய்த்தெடுக்க மறந்துவிடுவது எல்லாருக்கும் நேர்வதுதான். ஒட்டுவதற்கு முன் சொல்லை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: வெள்ளைப் பலகை சில மாதங்களில் அங்கங்கே மஞ்சள் வட்டமாகக் கறைபட்டுவிட்டது. மேலே பூசிய வார்னிஷ் காரணமா?

பதில்: வட்டங்கள் கணு இருந்த இடங்களில் மட்டும் தெரிந்தால் அது மரத்தின் பிசினும் சாயமும் பெயிண்ட்டைத் துளைத்து மேலே வருவதுதான். எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் அது திரும்ப வரும். ஷெல்லாக் (அரக்கு) கலந்த பிரைமரைக் கணுவின்மேல் பூசினால்தான் அடங்கும். பலகை முழுவதும் ஒரே சீராக மஞ்சளித்திருந்தால் நீங்கள் ஐயப்பட்டது சரி. எண்ணெய் சார்ந்த பாலியூரிதேன் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளிக்கும். வெள்ளைக்கு மேல் நீர் சார்ந்ததைப் பூசுங்கள். வெளியில் மாட்டும் பலகை என்றால் பின்புறத்தையும் அறுத்த முனைகளையும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் மரம் முனைகளின் வழியாகத்தான் நீரை அதிகம் குடிக்கும்.

கேள்வி: நண்பரிடம் லேசர் இயந்திரம் இருக்கிறது. அதில் வினைலை வெட்டலாமா?

பதில்: கூடாது. ஸ்டென்சில் வினைல் பெரும்பாலும் பிவிசி. லேசரின் சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும். அது நுரையீரலைக் கெடுப்பதோடு, நண்பரின் இயந்திரத்தையும் துருப்பிடிக்க வைக்கும். கத்தி வைத்த கட்டரே இதற்குப் போதும்.